எந்தப் பாகத்தை எங்கே வாங்குவது: பொழுதுபோக்கு மின்சுற்றுகளுக்கான வழிகாட்டி

மின்சுற்று ஒன்றை வரைந்து முடித்ததும் அடுத்து எழும் கேள்வி, இதற்கான உதிரிபாகங்களை எங்கே வாங்குவது என்பதுதான். இதற்கு ஒரே ஒரு கடையைக் கைகாட்டிவிட முடியாது. எல்இடியோடு தொடராக இணையும் மின்தடையத்தை எங்கே வாங்கினாலும் பெரிய வேறுபாடில்லை. அதே சுற்றில் வீட்டு மின்சாரத்தோடு நேராக இணையும் மின்தேக்கியை எங்கே வாங்குகிறோம் என்பது உயிரோடு தொடர்புடைய விஷயம். ஆகவே, பட்டியலில் உள்ள ஒவ்வொரு பாகத்தையும் பார்த்து, ‘இது மேலே அச்சிட்டிருப்பதுபோல் இல்லாமல் போனால் என்ன ஆகும்?’ என்று கேட்டுக்கொள்வதே நான் கடைப்பிடிக்கும் முறை. ஒன்றும் ஆகாது, எடுத்துவிட்டு வேறொன்றைப் போடலாம் என்பது விடையானால், மலிவான இடமோ பக்கத்திலுள்ள இடமோ போதும். சுற்று புகையும், அளவீடு பொய்யாகும், காரணம் தெரியாமல் நாள்கணக்கில் தேட வேண்டியிருக்கும் என்பது விடையானால், தொழிற்சாலையிலிருந்து அந்தப் பாகம் யார் யார் கைவழியாக வந்தது என்பது தெரிந்த இடத்தில்தான் வாங்க வேண்டும்.

முதலில் பட்டியல்

கடையைத் தேடும் முன் பட்டியலை முழுமையாக எழுதிவிட வேண்டும். ‘100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி’ என்று மட்டும் எழுதுவது போதாது. அது எந்த வகை, எத்தனை வோல்ட் தாங்க வேண்டும், கால்களுக்கிடையே எவ்வளவு இடைவெளி, பலகையில் எவ்வளவு உயரம் இருக்கிறது என்பவையும் வேண்டும். மின்தடையத்துக்கு ஓம் மதிப்போடு எத்தனை வாட், எத்தனை விழுக்காடு விலகல் என்பவற்றைச் சேர்க்க வேண்டும். மின்தடையங்கள் எல்லா மதிப்புகளிலும் தயாராவதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். இ12 என்ற நியம மதிப்பு வரிசையில் 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82 ஆகியவையும் அவற்றின் பத்தின் மடங்குகளுமே உண்டு. கணக்கில் 4,850 ஓம் வந்தால் 4,700 ஓம் போட்டுச் சுற்று இயங்குமா என்று வரைபடத்திலேயே பார்த்துவிடுவது, இல்லாத மதிப்பைத் தேடி அலைவதைத் தவிர்க்கும்.

ஐசிகளிலும் (ஒருங்கிணைந்த சுற்றுச் சில்லுகள்) டிரான்சிஸ்டர்களிலும் பாக எண்ணின் கடைசி எழுத்துவரை பார்க்க வேண்டும். ஏடிமெகா328பி என்பது ஒரு மைக்ரோகன்ட்ரோலர், அதாவது நிரல் எழுதி இயக்கும் சில்லு. அதில் ஏடிமெகா328பி-பியு என்பது பிரெட்போர்டில் (பற்றவைக்காமலே சுற்று அமைக்கும் துளைப்பலகை) நேராகச் செருகக்கூடிய டிஐபி உறை; ஏடிமெகா328பி-ஏயு என்பது 0.8 மி.மீ. இடைவெளியில் கால்கள் கொண்ட, பலகையின் மேற்பரப்பில் பற்றவைக்க வேண்டிய சிறு உறை. உள்ளே இருப்பது ஒரே சில்லுதான் என்றாலும், தொடக்கநிலையில் இருப்பவர் இரண்டாவதை வாங்கிவிட்டால் அது மேசையிலேயே கிடக்கும். ஐஆர்எஃப்540என், ஐஆர்எல்540என் ஆகிய இரு மாஸ்ஃபெட்டுகளுக்கும் (மின்னழுத்தத்தால் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்கள்) எழுத்தில் ஒன்றே வேறுபாடு. ஆனால் முதலாவது முழுமையாகத் திறக்க அதன் கேட் என்ற கட்டுப்பாட்டு முனைக்கு 10 வோல்ட் அளவில் தேவைப்படும். இரண்டாவதை 5 வோல்ட் தரும் மைக்ரோகன்ட்ரோலரே நேராக இயக்கிவிடும். 2என்7000, பிஎஸ்170 இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றாகப் பரிந்துரைக்கப்படுபவை. ஆனால் அவற்றின் கால்வரிசை தலைகீழானது. மாற்றுப் பாகம் வாங்கும்போதெல்லாம் அதன் தரவுத்தாளை (தயாரிப்பாளர் தரும் விவர ஆவணம்) திறந்து கால்வரிசையைப் பார்ப்பதைக் கட்டாயப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

பட்டியலை எழுதும்போதே எந்தப் பாகங்கள் பல நிறுவனங்களால் தயாரிக்கப்படுபவை என்பதையும் குறித்துக்கொள்ளலாம். 555 டைமர், எல்எம்358, எல்எம்317, 1என்4148, 1என்4007, 2என்3904 போன்றவற்றைப் பத்தாண்டுக்கணக்கில் பலரும் செய்து வருகிறார்கள். ஒருவரிடம் இல்லாவிட்டால் இன்னொருவருடையது கிடைக்கும். ஒரே நிறுவனம் மட்டும் செய்யும் சிறப்பு ஐசியை நம்பிச் சுற்றை வரைந்தால், அது எங்கும் கிடைக்காத நாளில் பலகையையே மாற்ற நேரும்.

அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தர்கள்

பாகத்தைத் தயாரித்த நிறுவனத்திடமிருந்து நேரடியாக வாங்கி விற்பவர்களே அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தர்கள். டிஜிகீ, மவுசர், ஆசிய நாடுகளில் எலிமென்ட்14 என்ற பெயரில் இயங்கும் ஃபார்னெல், ஆர்எஸ் ஆகியவை இவற்றுள் பெரியவை. பெருந்தொழிற்சாலைகளுக்கு விற்கும் இந்நிறுவனங்கள் நம்மைப் போன்றவர்களுக்கு ஒன்றிரண்டு பாகங்களை விற்குமா என்று பலர் தயங்குகிறார்கள். உண்மையில் இவற்றின் தொடக்கமே சிறு தேவைகளில்தான். ஆர்எஸ் 1937-இல் லண்டனில், வானொலி பழுதுபார்ப்பவர்களுக்கு உதிரிபாகம் தரும் ரேடியோஸ்பேர்ஸ் என்ற நிறுவனமாகத் தொடங்கியது. ஜெரி மவுசர் அமெரிக்காவில் இயற்பியல் ஆசிரியராக இருந்தவர். தம் மாணவர்களின் மின்னணுப் பாடத்துக்குப் பாகங்கள் கிடைக்காத நிலையில்தான் 1964-இல் அவர் அந்தத் தொழிலில் இறங்கினார். 1972-இல் தொடங்கிய டிஜிகீயின் பெயரே, ரொனால்ட் ஸ்டோர்டால் அமெச்சூர் வானொலி ஆர்வலர்களுக்கு விற்ற ‘டிஜிகீயர்’ என்ற மோர்ஸ் சாவிப் பொதியிலிருந்து வந்தது. இன்றும் இத்தளங்களில் பெரும்பாலான பாகங்களை ஒன்று என்ற எண்ணிக்கையிலேயே வாங்கலாம்.

இங்கே விலை சற்றுக் கூடுதலாக இருக்கலாம். அனுப்புசெலவு சிறிய வாங்கலில் உறுத்தும். ஆனால் அந்தத் தொகைக்கு நமக்குக் கிடைப்பது பாகம் மட்டுமன்று. தயாரிப்பாளரின் தரவுத்தாள், தொகுதி எண், ஈரமும் நிலைமின்சாரமும் தாக்காத உறை, தவறாக இருந்தால் திருப்பித்தரும் உரிமை ஆகியவையும் சேர்ந்தே வருகின்றன. மின்சுற்று இயங்காதபோது ‘பாகம் போலியோ?’ என்ற ஐயத்தை முதலிலேயே ஒதுக்கிவிட்டு நம் வரைபடத்தையும் பற்றவைப்பையும் மட்டும் சோதிக்கலாம் என்பதை நான் இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாக மதிக்கிறேன்.

இத்தளங்களில் தேடுவதற்கு ஒரு முறை உண்டு. தேடல் பெட்டியில் ‘மாஸ்ஃபெட்’ என்று இட்டால் பல்லாயிரம் விடைகள் வந்து மலைக்க வைக்கும். முதலில் ‘கையிருப்பில் உள்ளவை’ என்ற வடிகட்டியையும், அடுத்து ‘உற்பத்தியில் உள்ளவை’ என்ற நிலையையும் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘புதிய வடிவமைப்புக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை’ என்றோ ‘உற்பத்தி நிறுத்தப்பட்டது’ என்றோ குறித்திருந்தால், ஒரே ஒரு முறை செய்யும் சுற்றுக்கு மட்டும் அதை எடுத்துக்கொள்ளலாம். பிறகு பொருத்தும் முறை: துளைவழிப் பொருத்தமா, மேற்பரப்புப் பொருத்தமா என்பது. அதன்பின் மின்னழுத்தம், மின்னோட்டம் போன்றவை. கடைசியாக விலைவாரியாக வரிசைப்படுத்தினால் எஞ்சியிருப்பவை கைவிரல்களுக்குள் அடங்கிவிடும். குறைந்தபட்சக் கொள்முதல் எண்ணிக்கையைப் பார்க்க மறக்க வேண்டாம். முழுச்சுருளாக மட்டும் விற்கப்படும் பாகம் ஆயிரக்கணக்கில் வந்து சேரும், ‘வெட்டிய நாடா’ என்று குறித்ததை வேண்டிய எண்ணிக்கையில் வாங்கலாம். சில விநியோகஸ்தர்கள் தங்கள் தளத்திலேயே மூன்றாம் தரப்பு விற்பனையாளர்களுக்கும் இடம் தருகிறார்கள். பாகத்தை அனுப்புபவர் விநியோகஸ்தர்தானா என்பதை அந்தப் பக்கத்திலேயே சரிபார்க்கலாம்.

ஒரே பாகம் யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பதை ஆக்டோபார்ட் என்ற தேடுதளம் ஒரே பக்கத்தில் காட்டும். அங்கீகாரம் பெற்றவர்களின் கையிருப்பை மட்டும் பார்க்க டிரஸ்டட்பார்ட்ஸ் உதவும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், மைக்ரோசிப் போன்ற தயாரிப்பாளர்கள் தங்கள் தளத்திலேயே சிறு எண்ணிக்கையிலும் விற்கிறார்கள். விநியோகஸ்தர்களிடம் தீர்ந்துபோன ஐசி சில நேரம் அங்கே இருக்கும். ஷென்ஜெனில் இயங்கும் எல்சிஎஸ்சி, சீனத் தயாரிப்பாளர்களின் மின்தடையங்கள், மின்தேக்கிகள், இணைப்பிகள் ஆகியவற்றைச் சிறு எண்ணிக்கையில் தருகிறது. அச்சுச்சுற்றுப் பலகை செய்து, பாகங்களையும் அங்கேயே பொருத்தித் தரும் ஜேஎல்சிபிசிபி-யோடு அதன் கையிருப்பு இணைந்திருப்பதால், பலகையைச் செய்யக் கொடுப்பவர்களுக்கு அது மிகவும் வசதி.

பொழுதுபோக்காளருக்கான கடைகள்

சென்சார், காட்சித்திரை, மோட்டார் இயக்கி போன்றவற்றைத் தனி ஐசியாக வாங்காமல் சிறு பலகையாக வாங்குவதே தொடக்கத்தில் எளிது. 2003-இல் தொடங்கிய ஸ்பார்க்ஃபன், 2005-இல் லிமோர் ஃப்ரீட் தொடங்கிய அடாஃப்ரூட், ஷென்ஜெனின் சீட் ஸ்டுடியோ ஆகியவை இப்படிப்பட்ட பலகைகளைத் தாங்களே வடிவமைக்கின்றன. ஒவ்வொரு பலகைக்கும் மின்சுற்று வரைபடம், இணைக்கும் முறை, மாதிரி நிரல், நிரல் நூலகம் ஆகியவற்றைத் திறந்த முறையில் வெளியிடுகின்றன. அதே சென்சார் ஐசியைக் கொண்ட பெயரில்லாப் பலகை வேறிடத்தில் மிக மலிவாகக் கிடைக்கும், ஆனால் 3.3 வோல்ட்டா 5 வோல்ட்டா, இழுதடை (புல்-அப் மின்தடையம்) இருக்கிறதா இல்லையா என்பவற்றை நாமே தடம்பிடித்துக் கண்டறிய வேண்டியிருக்கும். முதல் முறை ஒரு சென்சாரைப் பயன்படுத்துபவர் ஆவணம் உள்ள பலகையை வாங்குவதே நல்லது. அதன் போக்கு பிடிபட்ட பிறகு இரண்டாவது, மூன்றாவதை மலிவான இடத்தில் வாங்கலாம்.

அர்டுயினோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் பலகை போன்ற திறந்த வன்பொருளின் நகலை வாங்குவதில் தவறேதும் இல்லை. வடிவமைப்பே அதற்காக வெளியிடப்பட்டது. மூலநிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் அச்சிட்டுக்கொண்டு வரும் பலகைதான் போலி. பல நகல்களில் யுஎஸ்பி பகுதிக்குச் சிஎச்340 என்ற ஐசி இருக்கும். கணினி பலகையைக் கண்டுகொள்ளாவிட்டால் அதற்குரிய இயக்கி மென்பொருளை (டிரைவர்) நிறுவிப் பார்க்க வேண்டும்.

திறந்த சந்தைத்தளங்களும் போலிகளும்

யார் வேண்டுமானாலும் விற்கக்கூடிய உலகளாவிய சந்தைத்தளங்களில் எல்லாம் கிடைக்கும், அனுப்புசெலவும் குறைவு. நானும் அவற்றில் வாங்குகிறேன். ஆனால் அங்கே எதை வாங்கக் கூடாது என்பதை ஒரு ஒலிப்பெருக்கி முன்நிலைச் சுற்று எனக்குக் கற்றுத்தந்தது. டிஎல்072 என்று அச்சிட்ட செயல்பெருக்கிகளை (ஆப்-ஆம்ப் ஐசிகள்) பத்தாக வாங்கி ஒன்றைப் பொருத்தினேன், மேல்சுருதிகள் கரகரத்தன. தரைத்தடத்தை மாற்றினேன், மின்தேக்கிகளை மாற்றினேன், பலகையையே இரண்டாம் முறை செய்தேன். கடைசியில் விநியோகஸ்தரிடம் ஒரே ஒரு டிஎல்072 வாங்கிப் பொருத்தியதும் ஒலி தெளிந்தது. உண்மையான டிஎல்072-இன் வெளியீடு ஒரு மைக்ரோ விநாடிக்குப் பத்து வோல்ட்டுக்கு மேல் ஏறவல்லது. என்னிடம் இருந்த பத்தும் ஒரு வோல்ட்டைக்கூட எட்டவில்லை. எல்எம்358 போன்ற மெதுவான, அதே கால்வரிசை கொண்ட மலிவான ஐசியின் மேல் புதுப்பெயர் அச்சிட்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. பத்து ஐசிகளின் விலையில் மிச்சம் பிடித்த நான், அவற்றால் இழந்தது இரண்டு வாரங்கள்.

போலிகளில் பல வகை உண்டு. மேற்பரப்பைத் தேய்த்து, கரும்பூச்சு பூசி, வேறு எண் அச்சிடுவது ஒன்று. பழைய பலகைகளிலிருந்து கழற்றிக் கால்களுக்கு மீண்டும் ஈயம் பூசிப் புதியதாக விற்பது இன்னொன்று. தொழிற்சாலைத் தரச்சோதனையில் தவறியவை வெளியே வருவதும் உண்டு. நகலெடுத்துச் செய்யப்பட்ட சில்லுகள் வேறு வகை. 2014 அக்டோபரில், யுஎஸ்பியைத் தொடர்த்துறையாக (சீரியல் போர்ட்) மாற்றும் எஃப்டிடிஐ நிறுவனச் சில்லின் புதிய இயக்கி விண்டோஸ் புதுப்பிப்பு வழியாக வந்தபோது, போலிச் சில்லுகளின் அடையாள எண்ணை அது பூஜ்யமாக்கியது. தங்களிடம் இருப்பது போலி என்றே அறியாத பலருடைய கருவிகள் அன்று கணினிக்குத் தெரியாமல் போயின.

எவை அதிகம் போலியாகின்றன என்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. விலை கூடியவை, உற்பத்தி நின்றவை, வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாதவை ஆகியவையே இலக்கு. ஒலிப்பெருக்கிகளுக்கான திறன்மிகு டிரான்சிஸ்டர்கள், செயல்பெருக்கிகள், மாஸ்ஃபெட்டுகள், டிஎஸ்18பி20 வெப்பநிலை உணரி, லித்தியம் மின்கலங்கள், நினைவக அட்டைகள் ஆகியவற்றைத் திறந்த சந்தையில் வாங்காமல் இருப்பதே நல்லது. எல்எம்2596 ஐசியுடன் வரும் மின்னழுத்தக் குறைப்புப் பலகைகளில், தரவுத்தாளில் உள்ள 150 கிலோஹெர்ட்ஸுக்குப் பதிலாக அதைவிட மிகக் குறைந்த அதிர்வெண்ணில் இயங்கும் சில்லுகள் அடிக்கடி காணப்படுகின்றன. சிறு மின்னோட்டத்துக்கு அவை போதும். தரவுத்தாளில் சொன்ன மூன்று ஆம்பியரை எதிர்பார்த்தால் கொதிக்கும்.

லித்தியம் மின்கலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 18650 என்ற எண் 18 மி.மீ. விட்டத்தையும் 65 மி.மீ. நீளத்தையும் குறிக்கிறது. அந்த அளவுக்குள் பெயர்பெற்ற நிறுவனங்களின் நல்ல மின்கலங்களே 3500 மில்லி ஆம்பியர்-மணியை ஒட்டித்தான் தருகின்றன. 9900 என்று உறையில் அச்சிட்டிருந்தால் அது பொய்; எடையைப் பார்த்தாலும் தெரியும், நல்ல மின்கலம் 45 கிராமை ஒட்டியிருக்கும். கொள்ளளவில் பொய் சொல்பவர் பாதுகாப்பில் மெய் சொல்வார் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. லித்தியம் மின்கலம், வீட்டு மின்சாரத்தில் இணையும் எக்ஸ்2, ஒய் வகை மின்தேக்கிகள், ஃபியூஸ், ஆப்டோகப்ளர் (ஒளிவழியே இரு சுற்றுகளைப் பிரித்து இணைக்கும் பாகம்), மின்மாற்றி ஆகியவை தவறினால் தீப்பிடிக்கும் அல்லது மின்னதிர்ச்சி தரும். இவற்றை அங்கீகாரம் பெற்ற இடத்தைத் தவிர வேறெங்கும் வாங்க வேண்டாம் என்பதில் நான் எந்த விட்டுக்கொடுத்தலும் செய்வதில்லை.

திறந்த சந்தையில் துணிந்து வாங்கக்கூடியவையும் நிறைய உள்ளன: பலவகை மதிப்புகள் கலந்த மின்தடையப் பொதி, எல்இடி, பொத்தான், தலைப்பு ஊசி (பின் ஹெடர்), திருகு இணைப்பி, வெறும் பலகை, பெட்டி, இடைத்தாங்கி (ஸ்பேசர்). இவற்றை மீட்டராலோ கண்ணாலோ சோதித்துவிடலாம். இணைப்புக் கம்பிகளில் மட்டும் சிறு எச்சரிக்கை. மிக மலிவானவை செம்பு பூசிய அலுமினியமாகவோ எஃகாகவோ இருக்கும். காந்தத்தை அருகில் காட்டினால் எஃகு ஒட்டிக்கொள்ளும். பிரெட்போர்டும் இப்படித்தான். தளர்ந்த பிரெட்போர்டில் தொடங்குபவர், தம் சுற்று சரியாக இருந்தும் இயங்காததைக் கண்டு இந்தக் கலையையே கைவிட்டுவிடக்கூடும். அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

நேரில் வாங்கும் கடைகள்

பக்கத்தில் உதிரிபாகக் கடை இருந்தால் அதை விட்டுவிடக் கூடாது. இன்றைக்கே ஒரு ரிலே வேண்டும் என்றால் எந்த இணையத்தளமும் அதற்கு ஈடாகாது. பெட்டியையும் சுழல்குமிழையும் கையில் எடுத்துப் பொருத்திப் பார்க்கலாம். பட்டியலை மதிப்பு வாரியாக வரிசைப்படுத்தி, மாற்றாக ஏற்கக்கூடியவற்றையும் பக்கத்திலேயே எழுதி எடுத்துச்செல்லுங்கள். அங்கும் ஐசிகளைப் பொறுத்தவரை, எங்கிருந்து வாங்கி விற்கிறார்கள் என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

பழைய கருவிகளிலிருந்து

பழுதான அச்சுப்பொறியில் ஸ்டெப்பர் மோட்டார், எஃகுத் தண்டு, ஒளி உணரி ஆகியவை இருக்கும். கணினி மின்வழங்கியில் வெப்ப உறிஞ்சி, சுருள், திறன்மிகு டையோடு ஆகியவை கிடைக்கும். கம்பிகள், இணைப்பிகள், திருகுகள் எல்லாக் கருவியிலும் உண்டு. கழற்றி எடுத்த எலக்ட்ரோலிடிக் மின்தேக்கிகளை மட்டும் மீண்டும் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. வெப்பத்தில் அவற்றின் திரவம் வற்றிக்கொண்டே போகும், மிச்ச ஆயுள் எவ்வளவு என்பதை வெளிப்பார்வையில் சொல்ல முடியாது. வீட்டு மின்சாரத்தில் இயங்கும் மின்வழங்கியின் பெரிய மின்தேக்கியில், செருகியைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். அதை மின்தடையம் ஒன்றின் வழியே வெளியேற்றி, மீட்டரால் உறுதிசெய்த பின்னரே கைவைக்க வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பை உதிரிபாகத்துக்காகத் திறக்கவே வேண்டாம்.

அனுப்புசெலவும் சுங்கமும்

அனுப்புசெலவு ஒரு பாகத்துக்கும் ஐம்பது பாகங்களுக்கும் ஏறத்தாழ ஒன்றே. ஆதலால் தேவைகளை ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டே வந்து, இரண்டு மூன்று சுற்றுகளுக்கானதை ஒருசேர வாங்குவது ஆதாயம். வேறு நாட்டிலிருந்து வரவழைத்தால், வரி விலையோடு சேர்ந்ததா அல்லது பொதி வரும்போது நாம் கட்ட வேண்டியதா என்பதைப் பணம் செலுத்தும் பக்கத்திலேயே பார்த்துவிட வேண்டும். சுங்க அறிவிப்பில் பாகங்கள் வகைக்குறியீட்டால் அறியப்படுகின்றன: மின்தேக்கிகளுக்கு 8532, மின்தடையங்களுக்கு 8533, டையோடு, டிரான்சிஸ்டர்களுக்கு 8541, ஐசிகளுக்கு 8542. தனி லித்தியம்-அயனி மின்கலங்களைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் தடைசெய்யப்பட்டிருப்பதால், அவை தாமதமாகும் அல்லது மறுக்கப்படும். மின்கலத்தை உள்நாட்டிலேயே வாங்குவது எளிது.

பொதி வந்த பிறகு

பாகங்கள் வந்த அன்றே சோதிக்க வேண்டும். திருப்பித்தரும் காலம் முடிந்த பிறகு தவறு தெரிந்து பயனில்லை. மின்தடையங்களில் மதிப்புக்கு ஒன்றை மீட்டரால் அளந்தால் போதும். மின்தேக்கிகளையும் டிரான்சிஸ்டர்களையும் சிறு பாகச்சோதனைக் கருவியில் வைத்தால் மதிப்பும் கால்வரிசையும் தெரியும். ஐசிகளை உருப்பெருக்கியில் பாருங்கள்: ஒரே தொகுதி என்று வந்தவற்றில் எழுத்துரு மாறியிருப்பது, முதல் காலைக் காட்டும் குழி பூச்சால் நிரம்பியிருப்பது, மேற்பரப்பில் ஒரே திசையில் கீறல்கள் தெரிவது, கால்களில் பழைய ஈயம் ஒட்டியிருப்பது ஆகியவை ஐயத்துக்குரியவை. அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைக்கும்போது கரும்பூச்சு கரைந்து வந்தால் ஐயம் வலுக்கிறது. எழுத்து மட்டும் மங்கினால் முடிவுக்கு வந்துவிட வேண்டாம், மையால் அச்சிட்ட உண்மையான ஐசிகளும் உண்டு. உறுதியான சோதனை, தரவுத்தாளில் உள்ள ஒரு பண்பை அளந்து பார்ப்பதுதான்: செயல்பெருக்கிக்குச் சதுர அலையின் ஏற்றம், மாஸ்ஃபெட்டுக்குத் திறந்த நிலை மின்தடை, மின்கலத்துக்கு ஒரு முழு மின்னிறக்கம்.

ஒவ்வொரு பையின் மேலும் முழுப் பாக எண், வாங்கிய இடம், தேதி ஆகிய மூன்றையும் எழுதி வையுங்கள். ஒரே எண் கொண்ட பாகங்கள் இரண்டு இடங்களிலிருந்து வந்திருந்தால் ஒரே பெட்டியில் கலக்க வேண்டாம். ஆறு மாதம் கழித்து ஒரு சுற்றில் ஒரு பாகம் தவறும்போது, அதே பையிலிருந்து எடுத்துப் பொருத்திய மற்றவை எந்தெந்தப் பலகைகளில் இருக்கின்றன என்று தேட வேண்டிய தேவை அப்போதுதான் வரும்.